கேப்டன் டாம்: நூறு சுற்று நடந்த பட்டாளத்துத் தாத்தா

2020 ஏப்ரல் மாதத்துக்கு முன்பு டாம் மூர் என்ற பெயரைச் சொன்னால், அவருடைய குடும்பத்துக்கும் ஒரு பழைய படைப்பிரிவைச் சேர்ந்தவர்களுக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும். அப்போது அவருக்கு வயது 99. அந்த மாதம் முடிவதற்குள் அவரைத் தெரியாதவர் இங்கிலாந்தில் இல்லை என்றாகிவிட்டது. வீட்டு வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு நடந்த அந்தக் கிழவரின் படம் வராத பத்திரிகை இல்லை.

அந்த நூறு சுற்று நடையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் அந்த நடைக்கு முன்னால் கிட்டத்தட்ட நூறு வருட வாழ்க்கை இருக்கிறது. அதைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால்தான் அந்த நடை எங்கிருந்து வந்தது என்று புரியும்.

1920 ஏப்ரல் 30ஆம் தேதி, யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள கீத்லி என்ற ஊரில் பிறந்தார். நெசவாலைகள் நிறைந்த ஊர் அது. அப்பாவின் குடும்பம் கட்டடம் கட்டும் தொழில் செய்தது. அம்மா பள்ளித் தலைமை ஆசிரியை. டாம் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு சிவில் இன்ஜினியர் ஆவதற்குத் தொழில் பழகிக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்தே மோட்டார் சைக்கிள் பைத்தியம் வேறு!

1940இல் பட்டாளத்துக்கு அழைப்பு வந்தது. விருப்பப்பட்டுப் போகவில்லை, கட்டாய ஆள்சேர்ப்பு. 'டியூக் ஆஃப் வெலிங்டன்ஸ்' என்ற படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அதே வருடமே அதிகாரி பயிற்சிக்குத் தேர்வாகி, 1941 ஜூனில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். 1941இலேயே, இந்தியாவுக்கு அனுப்பப்படும் ஒரு பட்டாலியனுக்கு மாற்றப்பட்டார். காலாட்படையாக இருந்த அந்த பட்டாலியனை டாங்கிப் படையாக மாற்றி, 146ஆவது ரெஜிமென்ட் என்று புதுப்பெயர் வைத்திருந்தார்கள்.

மத்தியதரைக்கடல் வழி அப்போது ஆபத்தானது. அதனால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, கேப் டவுனில் சில நாள் நின்று, பம்பாய் வந்து சேரக் கப்பலுக்கு ஆறு வாரம் ஆனது. பிறகு பூனா, அப்புறம் கல்கத்தா. இங்கே வந்தபிறகு அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? மற்றச் சிப்பாய்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது! அவருடைய பைத்தியம் எப்படியோ மேலதிகாரியின் காதுக்குப் போய்விட்டது. யுத்தத்தில் இப்படி ஒரு அதிர்ஷ்டம் எத்தனை பேருக்கு வாய்க்கும்...

ஆனால் அதற்குப் பிறகு போன இடத்தில் அதிர்ஷ்டம் ஒன்றும் இல்லை. அரக்கான். பர்மாவின் மேற்குக் கரை. இன்றைக்கு ராக்கைன் என்கிறார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் சேறும் சதுப்பும் மூங்கில் காடும். மழைக்காலம் வந்தால் பாதை என்று ஒன்று இருக்காது. தமிழர்களுக்கும் இந்த ஊர் தெரியாத ஊர் அல்ல. 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது, பர்மாவில் இருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் நடந்தே இந்தியாவுக்குத் திரும்பினார்களே, அவர்கள் வந்த வழிகளில் ஒன்று இந்த அரக்கான் கரை. வழியிலேயே பசியிலும் காலராவிலும் இறந்தவர்களுக்குக் கணக்கு கிடையாது. அந்தக் கூட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்.

அரக்கானில் சண்டை போட்டது வில்லியம் ஸ்லிம் தளபதியாக இருந்த பதினான்காவது ராணுவம். 1943 இறுதியில் உருவானது. கடைசியில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் அதில் இருந்தார்கள். பெரும்பான்மை இந்தியர்கள். கூடவே கூர்க்காக்கள், ஆப்பிரிக்கர்கள், பிரிட்டிஷார். அவர்களுக்கு ஜப்பானியரைவிடப் பெரிய எதிரி கொசுதான். 1943இல், குண்டடி பட்டுப் பின்னுக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொரு ஆளுக்கும் சுமார் 120 பேர் மலேரியா, வயிற்றுக்கடுப்பு போன்ற நோய்களால் அனுப்பப்பட்டார்கள் என்று ஸ்லிம் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். சிப்பாய்களுக்குத் தினமும் மெபாக்ரின் மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தின்று தின்று தோலே மஞ்சளாகிவிடும். டாமையும் கொசு விடவில்லை. டெங்குவில் படுத்து, பிழைத்து எழுந்தார்.

இத்தனைக்கும் அந்த ராணுவத்துக்குக் கிடைத்த பெயர் 'மறக்கப்பட்ட ராணுவம்'. ஐரோப்பாவில் நடந்ததைத்தான் லண்டன் பத்திரிகைகள் எழுதின. 1945 மே மாதம் இங்கிலாந்து வெற்றி விழா கொண்டாடியபோது, பர்மாவில் சண்டை முடியவில்லை. இன்னும் மூன்று மாதம் ஓடியது. அந்த ராணுவத்தில் செத்த பிரிட்டிஷ் சிப்பாயே மறக்கப்பட்டான் என்றால், கூடச் செத்த இந்தியச் சிப்பாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவனை அந்த நாடும் மறந்தது, சுதந்திரம் வந்த வேகத்தில் இந்த நாடும் மறந்தது.

டாம் 1944 அக்டோபரில் கேப்டன் ஆனார். 1945 பிப்ரவரியில் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, டாங்கிப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, 1946இல் பட்டாளத்தை விட்டார். ஆறு வருடத்துக்கும் குறைவான ராணுவ வாழ்க்கைதான். ஆனால் அதை அவர் விட்டாலும் அது அவரை விடவில்லை. தன் படைப்பிரிவில் இருந்தவர்களை வருடத்துக்கு ஒருமுறை ஒன்றுகூட்டும் வேலையை எடுத்துக்கொண்டார். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக!

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆரம்பத்தில் கூட்டம் பெரிதாக இருந்திருக்கும். எல்லோரும் வாலிபர்கள், அரட்டை, பாட்டு, பியர். ஒவ்வொரு வருடமும் கடிதம் எழுத வேண்டிய விலாசங்கள் குறைந்துகொண்டே வரும். சிலருடைய கடிதத்துக்கு மனைவி பதில் போட்டிருப்பாள், சிலருடையது திரும்பியே வந்திருக்கும். அப்போதும் அடுத்த வருடக் கூட்டத்துக்குத் தேதி குறிக்க வேண்டும், இடம் பிடிக்க வேண்டும். பதக்கம் வாங்குவதைவிட இது கஷ்டமான வேலை. இதற்குப் பதக்கமும் கிடையாது.

மற்றபடி அவருடைய நடுவயது வாழ்க்கையில் பரபரப்பாகச் சொல்ல அதிகம் இல்லை. கூரை போடும் பொருட்களை விற்கும் கம்பெனியில் விற்பனை மேலாளர். பிறகு கான்கிரீட் சாமான்கள் செய்யும் கம்பெனியில் நிர்வாக இயக்குநர். ஓய்வு நேரத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம். 1983இல் தொலைக்காட்சியில் ஒரு விளையாட்டு நிகழ்ச்சியில் தலைகாட்டினார். முதல் திருமணம் நிலைக்கவில்லை. 1968இல் பமீலாவைத் திருமணம் செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 47. இரண்டு பெண் குழந்தைகள். அதாவது, கூடப் படித்தவர்கள் பேரக்குழந்தைகளைப் பார்க்கும் வயதில் இவர் அப்பா ஆனார்.

வேலையை விட்டபிறகு கணவனும் மனைவியும் ஸ்பெயின் நாட்டின் தென்கரைக்கு வெயில் காயப் போனார்கள். இங்கிலாந்தில் ரிட்டயர் ஆனவர்கள் செய்யும் காரியம்தான். ஆனால் பமீலாவுக்கு மறதி நோய் வந்தது. திரும்பி வந்தார்கள். கடைசிக் காலத்தில் பமீலா முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். டாம் தினமும் அங்கே போய் மனைவியோடு உட்கார்ந்திருப்பார். அங்கேதான் அவர் இன்னொன்றையும் பார்த்தார். பக்கத்துப் படுக்கைகளில் இருந்த கிழவர்களையும் கிழவிகளையும் பார்க்க யாருமே வருவதில்லை. தனிமையைப் பற்றி அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பப் பேசியதற்குக் காரணம் இதுதான். 2006இல் பமீலா இறந்தார்.

அதற்குப் பிறகு டாம், இளைய மகளின் குடும்பத்தோடு பெட்ஃபோர்ட்ஷயரில் ஒரு கிராமத்து வீட்டில் வாழப்போனார். மகள், மருமகன், ஒரு பேரன், ஒரு பேத்தி, தாத்தா. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ். நம்மூரில் இது செய்தியே இல்லை. இங்கிலாந்தில் இது அவ்வளவு சகஜம் இல்லை. வயதானால் தனி வீடு, முடியாமல் போனால் பராமரிப்பு இல்லம் என்பதே அங்கே பலருடைய வழி. அதனால் அந்தப் பேரனுக்கும் பேத்திக்கும் கிடைத்தது எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்காத ஒன்று. பள்ளிவிட்டு வந்தால் வீட்டில் ஒரு தாத்தா இருப்பார். அவர்களுக்கு அவர் கேப்டனும் இல்லை, வீரரும் இல்லை. தாத்தா, அவ்வளவுதான்.

2018இல் வீட்டில் கீழே விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது, விலா எலும்பு முறிந்து நுரையீரலையும் குத்தியது. 98 வயதில் இப்படி விழுந்தவர்கள் பெரும்பாலும் எழுந்திருப்பதில்லை. அரசின் தேசிய சுகாதார சேவை மருத்துவமனையில் மாதக்கணக்கில் சிகிச்சை நடந்தது. எழுந்தார். ஆனால் அதுவரை கார் ஓட்டிக்கொண்டு, தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு இருந்தவர், வாக்கரைப் பிடிக்காமல் நடக்க முடியாதவர் ஆகிவிட்டார்.

இனி அந்த நடை. 2020 ஏப்ரல் முதல் வாரம். கொரோனா ஊரடங்கு. ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். குடும்பம் முழுக்க வெளியே இருந்தது. தாத்தா வாக்கரோடு மெதுவாக நடந்துகொண்டிருந்தார். மருமகன் விளையாட்டாகச் சொன்னார்: ஒரு சுற்றுக்கு ஒரு பவுண்ட் தருகிறேன், நூறாவது பிறந்த நாளுக்குள் நூறு சுற்று முடியுமா பார்க்கலாம் என்று. ஆரம்பம் இவ்வளவுதான். தன்னைப் பிழைக்கவைத்த மருத்துவமனைக்காரர்களுக்கு அந்தப் பணம் போகட்டும் என்று ஆயிரம் பவுண்ட் இலக்கு வைத்து இணையத்தில் ஒரு நன்கொடைப் பக்கம் திறந்தார்கள். ஏப்ரல் 6இல் நடை தொடங்கியது. ஒரு சுற்று 25 மீட்டர். ஒரு நாளைக்குப் பத்துச் சுற்று.

ஆயிரம் பவுண்ட் சில நாட்களில் தாண்டியது. பிறகு வானொலியில் வந்தார், தொலைக்காட்சியில் வந்தார். பணம் கொட்ட ஆரம்பித்தது. ஏப்ரல் 16ஆம் தேதி காலை நூறாவது சுற்றை முடித்தபோது, யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் சிப்பாய்கள் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு நின்று மரியாதை செலுத்தினார்கள். அவருடைய பழைய படைப்பிரிவு அந்த ரெஜிமென்டோடுதான் இணைக்கப்பட்டிருந்தது. அன்று காலை தொகை 1 கோடியே 20 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. பிறந்த நாள் முடிந்து பக்கத்தை மூடியபோது 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கும் மேல்! கொடுத்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர். அதாவது பெரும்பாலானவர்கள் கொடுத்தது பத்து, இருபது பவுண்ட். பணக்காரர்கள் சேர்த்த பணம் அல்ல அது.

இதற்கிடையில் பாடகர் மைக்கேல் பாலோடு சேர்ந்து ஒரு பாட்டுப் பதிவில் குரல் கொடுத்தார். அது பிரிட்டிஷ் பாடல் தரவரிசையில் முதலிடத்துக்கே போய்விட்டது. அந்த இடத்தைப் பிடித்தவர்களில் மிக வயதானவர் இவர்தான். பிறந்த நாளன்று ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் என்ற இரண்டு உலகப்போர்க் காலத்து விமானங்கள் வீட்டுக்கு மேலே பறந்தன. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் ஹாரோகேட் ராணுவக் கல்லூரிக்கு கௌரவ கர்னல் ஆக்கினார்கள். இவ்வளவிலும் ரசிக்கத்தக்கது அந்த வாழ்த்து அட்டைகள்தான். ஒரு லட்சத்துக்கும் மேல் வந்தன. தபால் நிலையம் திணறிவிட்டது. கிராமத்து வீட்டில் எங்கே வைப்பது? பேரன் படித்த பெட்ஃபோர்ட் பள்ளி ஊரடங்கால் மூடிக்கிடந்தது. அதன் பெரிய மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, தரை முழுக்க வரிசை வரிசையாக நிறுத்தினார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள் கிறுக்கிய படங்கள் போலத்தான் தெரியும், புகைப்படங்களைப் பார்த்தால். தாத்தாவைப் பார்க்கப் போக முடியாமல் வீட்டில் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகள், ஊர் பேர் தெரியாத ஒரு தாத்தாவுக்கு அட்டை போட்டிருந்தார்கள்.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையான கட்டுரை ஆகாது.

ஒரு நாடு ஒரே ஒரு கிழவரை இப்படிக் கொண்டாடிக்கொண்டிருந்த அதே வாரங்களில், அதே நாட்டின் பராமரிப்பு இல்லங்களில் கிழவர்களும் கிழவிகளும் கொத்துக்கொத்தாக இறந்துகொண்டிருந்தார்கள். மருத்துவமனைப் படுக்கைகளைக் காலி செய்வதற்காக, கொரோனா இருக்கிறதா என்று சோதிக்காமலே வயதானவர்களை அந்த இல்லங்களுக்கு அனுப்பினார்கள். 2020 மார்ச் தொடக்கத்திலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இல்லங்களில் வாழ்ந்தவர்களில் சுமார் 19,000 பேர் கொரோனாவால் இறந்தார்கள் என்கிறது அரசுப் புள்ளிவிவரம். இங்கிலாந்து அரசின் அந்த ஆரம்பகாலக் கொள்கை சட்டத்துக்கு விரோதமானது என்று 2022 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பும் சொல்லிவிட்டது. பமீலா இருந்தது போன்ற இல்லங்கள்தான் அவை. டாமுக்கு ஒரு மகள் வீடு இல்லாமல் இருந்திருந்தால், அவரும் அப்படி ஓர் இல்லத்தின் ஜன்னலோரம்தான் அந்த ஏப்ரலைக் கழித்திருப்பார்.

மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவ சேவைக்கு ஒரு 99 வயதுக்காரர் நடந்து பணம் சேர்க்கவேண்டுமா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வருடத்துக்குப் பத்தாயிரம் கோடி பவுண்டுக்கும் மேல் செலவாகும் ஒரு சேவையில் மூன்று கோடி என்பது எந்த மூலைக்கு? ஆனால் அந்தப் பணம் போனது சுகாதார சேவை சார்ந்த அறக்கட்டளைகளுக்கு. ஓய்வறை, சாப்பாடு, மனநல ஆலோசனை என்று ஊழியர்களின் நலனுக்குச் செலவானது. பன்னிரண்டு மணி நேரம் முகமூடிக்குள் நின்ற நர்சுக்கு ஒரு நாற்காலியும் சூடான டீயும் சின்ன விஷயம் இல்லை. கேள்வி அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்கவேண்டியது. தாத்தாவைப் பார்த்து அல்ல.

2020 ஜூலை 17ஆம் தேதி வின்ட்சர் கோட்டையில் எலிசபெத் ராணி அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தார். மண்டியிட முடியாதே என்பதால் நின்றபடியே வாங்கிக்கொண்டார். ராணிக்கு அப்போது வயது 94. வாள் ராணியின் தந்தை ஆறாம் ஜார்ஜுடையது. டாம் பர்மாவில் சண்டை போட்டது அந்த ராஜாவின் பெயரால்தான்.

ஆறு மாதம்தான். நுரையீரலில் நிமோனியா. அதற்கான மருந்துகளால் கொரோனா தடுப்பூசியும் போட முடியவில்லை. 2021 ஜனவரியில் கொரோனாவும் தொற்றியது. பிப்ரவரி 2ஆம் தேதி பெட்ஃபோர்ட் மருத்துவமனையில் இறந்தார். இறுதிச் சடங்கு பிப்ரவரி 27இல். கட்டுப்பாடுகள் காரணமாகக் குடும்பத்தினர் எட்டே பேர். மேலே ஒரு டகோட்டா விமானம் பறந்தது. பர்மாக் காடுகளில் இருந்த படைக்கு அரிசியும் மருந்தும் தோட்டாவும் ஆகாயத்திலிருந்து போட்ட அதே வகை விமானம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வருத்தமான கதை. அவர் பெயரில் தொடங்கப்பட்ட தனி அறக்கட்டளையைப் பற்றிப் புகார் எழுந்தது. அறநிலையங்களைக் கண்காணிக்கும் ஆணையம் 2022 ஜூனில் விசாரணை தொடங்கியது. அறக்கட்டளையின் பெயரைச் சொல்லி அனுமதி வாங்கிய இடத்தில் நீச்சல் குளத்தோடு ஒரு கட்டடம் எழும்பியிருந்தது. அதை இடிக்க உத்தரவாகி 2024 தொடக்கத்தில் இடித்தார்கள். மகளும் மருமகனும் அறங்காவலர்களாக இருக்கத் தடை விதிக்கப்பட்டது. புத்தக ஒப்பந்தத்தில் வந்த 14 லட்சம் பவுண்ட் போன்ற விஷயங்களில் குடும்பம் ஆதாயம் அடைந்தது என்று 2024 நவம்பரில் வெளிவந்த அறிக்கை சொன்னது. குடும்பத்தார் அதை மறுத்தார்கள்.

நடந்து சேர்த்த மூன்று கோடி பவுண்டுக்கும் இந்த அறக்கட்டளைக்கும் சம்பந்தம் இல்லை. அது முழுதாகச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது. ஆனால் இன்றைக்கு அவர் பெயரைத் தேடினால் முதலில் வருவது வழக்குச் செய்திகள்தான். இதில் யார் தவறு செய்தார்கள் என்பதை ஆணையம் தீர்மானித்துவிட்டது, அதை மூடிமறைக்க வேண்டியதும் இல்லை. அதற்காக அரக்கான் சேற்றில் கிடந்த வருடங்களும், அறுபது வருடம் நண்பர்களுக்குப் போட்ட கடிதங்களும், பமீலாவின் படுக்கைக்குப் பக்கத்து நாற்காலியும் பொய்யாகிவிடுமா என்ன? மறக்கப்பட்ட ராணுவத்திலிருந்து வந்தவர், நூறு வயதில்தான் உலகத்துக்கு நினைவு வந்தார். நான்கே வருடத்தில் அவர் பெயரோடு வேறொரு ஞாபகம் ஒட்டிக்கொண்டது.

இந்த விசாரணைகள் எல்லாம் தொடங்குவதற்கு முன்பே, 2021 கோடையில், அவருடைய அஸ்தியைக் கீத்லிக்கு எடுத்துப்போய், அப்பா அம்மாவும் தாத்தா பாட்டியும் இருக்கும் மார்ட்டன் கல்லறைத் தோட்டத்தில் சேர்த்தார்கள். கல்லில் என்ன எழுதவேண்டும் என்றும் மனுஷன் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருந்தார்: "எனக்கு வயசாயிடுச்சுன்னு நான்தான் சொன்னேனே."